உடைக்காத சோடா

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் அறையில் இருந்தவர்கள்: உளச்சிகிச்சை செய்யும் ஃபிராவ் ஹென்செல். மேசையில் நிறுத்திவைத்த கணினித் திரைக்குள், டார்ம்ஸ்டாட்டிலிருந்து மொழிபெயர்க்கும் பிருந்தா. என் அக்காவின் கணவர் விமலநாதன், டிராம் ஓட்டும் சீருடையோடு. நான், ரஜிதன், முப்பத்தெட்டு வயது, வேலை இல்லை. அக்கா கிருசாந்திக்கும் ஒரு கதிரை போட்டிருந்தது. அவள் வரவில்லை.

இடம் டோர்ட்மண்டில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடி. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கான ஆலோசனை நிலையம். வாசல் மணியில் ஒரு சங்கத்தின் பெயர் மட்டும் இருக்கும். உள்ளே சுவரில் மாட்டியிருந்த படங்களை அன்று மட்டும் கழற்றிவைக்கச் சொல்லிக் கேட்டிருந்தேன். ஃபிராவ் ஹென்செல் கழற்றிவைத்திருந்தார். ஆணிகள் தெரிந்தன.

எனக்கு எச்.ஐ.வி. இருப்பது ஐந்து வருடங்களுக்கு முன் ஹம்பேர்க்கில் தெரியவந்தது. முதுகில் அக்கி போட்டு டொக்டரிடம் போனேன். இந்த வயதில் அக்கி வர ஏதோ காரணம் இருக்கவேண்டும் என்று இரத்தம் எடுத்தார். அன்றிலிருந்து நாளுக்கு ஒரு குளிசை. ஆறு மாதத்தில் இரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. அப்படிக் குறைந்து நிற்கிறவரிடமிருந்து படுக்கையில்கூட இன்னொருவருக்குத் தொற்றாது. கோப்பையாலும் தட்டாலும் அது எந்தக் காலத்திலும் தொற்றியதில்லை. இதை ஜேர்மன் மொழியில் பிசகாமல் ஒப்புவிப்பேன். ஒப்புவித்துவிட்டு என் கோப்பையைக் கொதிதண்ணீரில் இரண்டு தரம் கழுவுவேன்.

தெரிந்து ஒரு வருடத்தில் டோர்ட்மண்டுக்கு வந்தேன். அக்கா இருக்கும் கட்டடத்தில் கூரைக்குக் கீழே ஒரு அறை காலியாக இருந்தது. அத்தான்தான் தன் பெயரில் எடுத்துத் தந்தார். அவர்கள் இரண்டாம் மாடி, நான் ஐந்தாம் மாடி. அக்கா சாப்பிடக் கூப்பிடுவாள். கடையில் வாங்கிய சோடாப் போத்தல் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு போவேன். மேசையில் இருந்து மூடியைத் திறந்து அதை மட்டும் குடிப்பேன். தேநீர் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், இப்போதுதான் சாப்பிட்டேன். அக்கா பிறகு சாப்பாட்டை மேலே கொடுத்தனுப்பத் தொடங்கினாள். என் வாய் பட்ட பாத்திரம் அவள் குசினிக்குத் திரும்பிப் போகக்கூடாது என்று நானே ஒரு சட்டி வாங்கி, அதில் போட்டுத் தரச் சொன்னேன். மருமகள் ஆதிரையின் பிறந்தநாள் கேக்கை நாலு வருடமும் கடதாசியில் சுற்றிக்கொண்டு படியேறினேன்.

இரவு வேலை இதற்கெல்லாம் வசதியாக இருந்தது. பொதிகள் பிரிக்கும் மண்டபம். அவர்கள் சாப்பிடும்போது நான் நித்திரை, அல்லது புறப்படுகிற அவசரம். மூன்றரை வருடம் ஓடியது. பிறகு ஒருநாள் இடைவேளைக்கு வெளியே வந்தவன் திரும்பி உள்ளே போகவில்லை. ஒருவரோடும் சண்டை இல்லை. போகவில்லை, அவ்வளவுதான். இரண்டு கிழமை கட்டிலில் கிடந்தேன். வைரஸுக்குப் பார்க்கும் டொக்டர்தான் ஃபிராவ் ஹென்செலிடம் அனுப்பினார்.

என் ஜேர்மன் பொதிக்குப் போதும், இதற்குப் போதாது. மொழிபெயர்க்க ஆள் தருவோம் என்றார்கள். ஒரு நிபந்தனை போட்டேன்: யாழ்ப்பாணத்து ஆள் வேண்டாம், இந்தியத் தமிழராகப் பாருங்கள். ஃபிராவ் ஹென்செலுக்கு ஏன் என்று விளங்கவில்லை. மொழிபெயர்ப்பவர்களும் வாய் திறக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறதே என்றார். டோர்ட்மண்ட் கடையில் காலையில் ஒருவன் தும்மினால் பின்னேரம் ஹாம் நகரத்துக் கோயில் வீதியில் சுகம் விசாரிப்பார்கள், அவர்களுக்கு உங்கள் சட்டம் தெரியாது என்றேன். அப்படித்தான் பிருந்தா வந்தார். கோயம்புத்தூர்க்காரர், டார்ம்ஸ்டாட்டில் ஒரு நிறுவனத்தில் பொறியியலாளர், வெள்ளிக்கிழமைகளில் பாதி நாள் இந்த வேலை. முதல் இரண்டு கிழமை நான் சொன்னதில் பாதியைத் திருப்பிக் கேட்டார். நான் திருப்பிச் சொன்னேன். ஒரே விஷயத்தை இரண்டு தரம் சொல்வது கெட்ட பழக்கமில்லை என்று அப்போது தெரிந்தது.

இனி எங்கே சிக்கியது என்று சொல்கிறேன். ஆதிரைக்குப் பதின்மூன்று வயது, பெரியபிள்ளையாகிவிட்டாள். சாமத்தியவீடு செய்ய மண்டபம் எடுத்தாயிற்று, வீடியோக்காரன் சொல்லியாயிற்று. தாய்மாமன்தான் பிள்ளையின் தலையில் பாலும் அறுகும் வைத்து முதல் தண்ணீர் வார்க்கவேண்டும். அவளுக்குத் தாய்மாமன் நான் ஒருவன். அக்கா என்னிடம் கேட்கவில்லை, திகதியைத்தான் சொன்னாள். ஏலாது என்றேன். ஏன் என்றாள். இரவு வேலை என்று சொல்ல இனி வழியில்லை. ஏலாது என்று மட்டும் திருப்பிச் சொன்னேன். பத்து நாள் அவள் கதைக்கவில்லை. பதினோராம் நாள் கைபேசியில் அவள் குரல் வந்தது: "நீ வராட்டில் இனி எங்கட கதவில வந்து நிக்காதை. அறையையும் விட்டிடு."

எனக்கு இந்த நாட்டில் வேறு ஆட்கள் இல்லை. ஃபிராவ் ஹென்செல், அவர்களிடம் சொல்லத்தான் வேண்டும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று கேட்டார். பெரிய பட்டியல் ஒன்று சொன்னேன். சொல்லாவிட்டால் என்று கேட்டார். அக்காவின் குரலைப் போட்டுக் காட்டினேன். பிருந்தா மொழிபெயர்த்தார். அடுத்த வெள்ளிக்கு இரண்டு பேரையும் இங்கே கூப்பிடலாமா என்று நான்தான் கேட்டேன்.

அத்தான் மட்டும் வந்தார். நாலு மணிக்கு டிப்போவில் நிற்கவேண்டும் என்று முதலே சொன்னார். ஃபிராவ் ஹென்செல் இங்கே கதைப்பது வெளியே போகாது என்று தொடங்க, அத்தான் பள்ளிக்கூடத்தில்போலக் கையைத் தூக்கினார்.

"நான் முதல் கதைச்சிடுறன். பிறகு எண்டால் எனக்குக் கோவம் வந்திடும்." என்னைப் பார்த்தார். "எனக்குத் தெரியும், ரஜி. நீ வந்த மூண்டாம் மாசமே தெரியும். கொக்கா கிருசாந்திக்கு நான் சொல்லேல்லை. அவவே கண்டுபிடிச்சிட்டா."

குளிசைப் பெட்டியைக் கண்டிருப்பார். என் அறைக்கதவின் மற்றத் திறப்பு அவரிடம்தான் இருக்கிறது. நாலு வருடம் தெரிந்துகொண்டே சாப்பிடக் கூப்பிட்டார்களா? கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. அதற்குள் அவர் தன் அப்பாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

அத்தானின் அப்பா தச்சுவேலை செய்தவர். ஊரில் ஒரு தலைமையாசிரியரின் வீட்டுக்கு யன்னல், கதவு, அலுமாரி எல்லாம் இவர் கை. தச்சரின் மூத்த மகளின் கலியாணத்துக்கு அந்த மனுசனை அழைத்தார்கள். அவர் வந்தார். வந்ததே பெருமை. புதுக் கதிரை வாங்கிப் போட்டார்கள். அவருக்கென்று ஒரு சோடா கடையிலிருந்து வந்தது. அவர் கண்ணுக்கு முன்னால்தான் அதை உடைக்கவேண்டும். அவர் போத்தலில் வாய் படாமல் அண்ணாந்து குடித்தார். இலையில் கை வைக்கவில்லை. அப்பா வாசல்வரை கும்பிட்டபடி போனார்.

"எங்கட வீட்டுத் தண்ணி குடிக்காத ஆக்களை எனக்குத் தூரத்திலயே தெரியும்," என்றார் அத்தான். "நீ ஜேர்மனியில, என்ர மேசையில, உடைக்காத சோடாவோட வந்து இருந்தாய். நாலு வருசம். பிறகு தனிச்சட்டி. இப்ப பிள்ளையின்ர தலையைத் தொட ஏலாதாம். இதைச் சொல்ல ஒரு வெள்ளைக்காரியைப் பக்கத்தில வைச்சிருக்க வேணுமோ? படியில வைச்சுச் சொல்லியிருக்கலாமே."



அத்தான் எங்கள் சாதி இல்லை. பதினாறு வருடங்களுக்கு முன் அக்கா அவரைக் கட்டியபோது ஊரில் அப்பா அவளைத் தலைமுழுகினார். எனக்கு இருபத்திரண்டு வயது, ஹம்பேர்க்கில் மூன்று மணித்தியால ரயில் தூரத்தில் இருந்தேன். அப்பா போகாதே என்றார், கலியாணத்துக்குப் போகவில்லை. அவ்வளவு சுலபமாக. அத்தான் பிழையாகக் கணக்குப் போடவில்லை. அவர் கையில் இருந்த இலக்கங்களுக்கு அந்த விடைதான் வரும்.

ஃபிராவ் ஹென்செல் திரையைப் பார்த்தார். பிருந்தா இன்னும் மொழிபெயர்க்கத் தொடங்கவில்லை.

"சார், ஒரு நிமிஷம்," என்றார் பிருந்தா. "இதை வார்த்தைக்கு வார்த்தை சொன்னா மேடமுக்கு, ஒரு பாட்டிலுக்கு ஏன் இவ்வளவு கோபம்னு தோணும். பேக்ரவுண்ட் சேத்துச் சொல்லணும். சொல்லட்டுமா? எங்க பக்கம் டீக்கடையில தனி டம்ளர் வெச்சிருப்பாங்க. எனக்குத் தெரியும் சார் இது."

அத்தான் திரையை இப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தார். "சொல்லுங்கோ தங்கச்சி. வடிவாச் சொல்லுங்கோ."

பிருந்தா அத்தான் கதைத்ததைவிட அதிக நேரம் கதைத்தார். ஃபிராவ் ஹென்செல் குறிப்பெடுக்கும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். முடிந்ததும் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: அவர் இப்படித்தான் நினைக்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமா?

தெரியாது. நாலு வருடத்தில் ஒரு தரம்கூட மனதில் வரவில்லை. கிருமி, எச்சில், கத்தரிக்கோல், சவர அலகு எல்லாவற்றையும் யோசித்துப் படுத்திருக்கிறேன். சோடாவை யோசிக்கவில்லை. என் அப்பாவும் அப்படிப் பல வீடுகளில் சோடா குடித்தவர்தான். நான் பக்கத்தில் இருந்து எனக்கும் ஒன்று வாங்கிக் குடித்தவன். அதை யோசிக்கத் தேவையில்லாத பக்கத்தில் பிறந்தால் அப்படித்தான்.

"அத்தான்," என்றேன். "எனக்கு எச்.ஐ.வி. இருக்கு."

பிருந்தா பழக்கதோஷத்தில் இதையும் ஜேர்மனில் சொன்னார். அந்த அறையில் அது தெரியாதிருந்த ஒரே மனுசன் தமிழில் கேட்டுவிட்டார். பிருந்தா "சாரி" என்று சொல்லித் தன் ஒலிவாங்கியை நிறுத்திக்கொண்டார்.

"அதுக்கோ சோடா?" என்றார் அத்தான்.

"ஓம்."

"சட்டியும்?"

"ஓம். உங்களுக்குத் தொத்தக்கூடாதெண்டு."

"சாதிக்கில்லை."

"இல்லை அத்தான்."

"சத்தியமா?"

"அக்காவில சத்தியம்."

கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். தண்ணீர் கேட்டார். ஃபிராவ் ஹென்செல் ஊற்றிக் கொடுத்தார், ஒரே மூச்சில் குடித்தார். பிறகு சிரித்தார். நல்ல சிரிப்பில்லை. தொண்டையில் மாட்டியது துள்ளி விழுகிறபோது வருகிற சத்தம்.

"விசரா," என்றார். "நாலு வருசம் நானும் கொக்காவும் இரவில படுத்துக்கிடந்து உன்ர அப்பாவைத் திட்டினதைக் கேட்டிருந்தால், அந்தாள் ஊரில விக்கியே செத்திருக்கும்."

பிருந்தா ஒலிவாங்கியைத் திறந்து இதை மொழிபெயர்த்தார். ஃபிராவ் ஹென்செல் சிரிக்கலாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன்.

"சாகப்போறியோ?" என்று அத்தான் கேட்டார்.

"இல்லை. உங்களுக்குச் சீனி, பிரஷர் ரெண்டும் இருக்கு. எனக்கு முதல் நீங்கள்தான்."

"வாய் மட்டும் குறையேல்லை."

அவரை ஒரு மகானாகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. அதற்குப் பிறகு அவர் என் கைகளைப் பார்த்தார். பிருந்தாவை விட்டுவிட்டு, தன் டிப்போ ஜேர்மனில் ஃபிராவ் ஹென்செலிடம் நேரே கேட்டார்: பிள்ளையைத் தொட்டால்? நனைந்த தலையில் தொட்டால்? இவன் நகம் பட்டால்? ஒன்றும் நடக்காது என்றார் ஃபிராவ் ஹென்செல். கட்டிப்பிடித்தாலும், ஒரே கோப்பையில் குடித்தாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒன்றுமில்லை. அத்தான் இரண்டாம் தரமும் அதையே கேட்டார். அதே பதில், அதே நிதானம். மூன்றாம் தரம் கேட்கவில்லை.

"முதலுதவி வகுப்பில எங்களுக்குச் சொன்னவங்கள்," என்றார் என்னிடம். "கேட்டுக்கொண்டுதான் இருந்தனான். வீட்டை வரும் எண்டு நினைக்கேல்லை."

யாரிடமிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்கமாட்டேன் என்றும் சொன்னார். கொக்கா கேட்பா, அதுக்கு நீ ஆயத்தமாய் இரு என்றார். எதற்குப் பதில் சொல்வது, எதற்குச் சொல்லாமல் விடுவது என்பதை ரஜிதன்தான் முடிவு செய்வார் என்று ஃபிராவ் ஹென்செல் இடையில் வந்தார். உங்களுக்கு என் மனுசியைத் தெரியாது என்றார் அத்தான்.

பிறகு ஒன்று சொன்னார். குரல் மாறியிருந்தது.

"ஆனால் ரஜி, ஒரு நாளெண்டாலும் உனக்கு யோசினை வரேல்லையோ? சோடாவைக் கையில எடுக்கேக்க?"

"வரேல்லை."

"ம்," என்றார். "எங்களுக்கு அது ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை."

எச்.ஐ.வி. என்று சொன்னபோது வராத வெட்கம் இப்போது வந்தது. மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினார். அது மன்னித்ததா, கேட்டதை ஏற்றுக்கொண்டதா என்று தெரியவில்லை. பிருந்தா எங்கள் இரண்டு பேருடைய வரிகளையும் மிகவும் மெதுவாக ஜேர்மனில் சொன்னார். ஃபிராவ் ஹென்செல் ஒன்றும் சேர்க்கவில்லை. அதற்காக அவர்மேல் எனக்கு அன்று மரியாதை கூடியது.

மணி மூன்றேகால். அக்காவுக்கு யார் சொல்வது என்று அத்தான் கேட்டார். எனக்கு ஒரு நாளைக்கு ஒருக்காத்தான் ஏலும், நீங்கள் சொல்லுங்கோ என்றேன். ஃபிராவ் ஹென்செல், இது உங்கள் விருப்பம்தானே என்று பிருந்தா மூலம் இன்னொரு தரம் உறுதி செய்தார். ஓம் என்றேன். அத்தான் கைபேசியை எடுத்துக்கொண்டு ஒழுங்கைபோல நீண்டிருந்த நடைபாதைக்குப் போனார். கதவு முழுதாக மூடவில்லை. அவர் தொடங்கிய வார்த்தைகள் எனக்குக் கேட்டன.

"சாதி இல்லையடி."

நோயை அதற்குப் பிறகுதான் சொன்னார். பிறகு "ஓம்... ஓம்... தொத்தாதாம்... ரெண்டு தரம் கேட்டனான்" என்றார். திரும்பி வந்தபோது தொப்பியைத் தலையில் வைத்திருந்தார்.

"நீ நேரை வீட்டை போ. எங்கட வீட்டை. மேல ஏறாதை."

"அக்கா என்ன சொன்னவ?"

"எனக்கு ஒண்டும் சொல்லேல்லை. உனக்குத்தான் சொல்லப்போறா."

போகும்போது என் தோளில் தட்டினார். தட்ட முன் ஒரு கணம் கை நின்றது. நான் கண்டேன். நான் கண்டதை அவரும் கண்டார். பிறகு பலமாகத் தட்டினார், நொந்தது.

வீட்டுக்கு நான்கு டிராம் தரிப்பிடம். நடந்தே போனேன். மார்ச் மாதத்து வெயில், சூடு இல்லை, வெளிச்சம் மட்டும். மூச்சு நெஞ்சுக்குக் கீழேயும் போய்வந்தது. அதைக் கவனித்துக்கொண்டே நடந்தேன். கட்டடத்து வாசலில் நின்று, ஓடிவிடலாமா என்று ஒருமுறை யோசித்தேன். பொதி மண்டபத்துக்கு வெளியே நின்றது போலத்தான் இதுவும். இந்த முறை உள்ளே போனேன்.

அக்கா இரண்டாம் மாடியில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள். அழுதிருக்கிறாள், முகத்தைக் கழுவியுமிருக்கிறாள். நான் கடைசிப் படியில் நின்றேன்.

"என்ர கலியாணத்துக்கு நீ வராததுக்கு என்ன நோய் வருத்தம் அப்ப?" என்றாள்.

நாலு வருடக் கதையை அத்தான் தீர்த்துவிட்டார். இது பதினாறு வருடக் கதை. இதற்கு என்னிடம் டொக்டர் கடிதம் இல்லை.

"அது நோய் வருத்தமில்லை அக்கா," என்றேன். "அப்பாவுக்குப் பயந்தனான். எனக்கும் அது பெரிய விசயமாத் தெரியேல்லை. உனக்கு எப்பிடி இருக்கும் எண்டு யோசிக்கேல்லை."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பொய்யைத் தேடினாள் என்று நினைக்கிறேன். அங்கே பொய் இல்லை.

"அதைத்தான் கேக்க இருந்தனான்," என்றாள். "பதினாறு வருசமா."

உள்ளேயிருந்து ஆதிரை எட்டிப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அதை நானே பிறகு சொல்லவேண்டும் என்று அக்கா கண்ணால் சொன்னாள். ஆதிரைக்கு வேறு கவலை.

"மாமா, வர ஏலாது எண்டே சொல்லுங்கோ. மாமா இல்லாட்டில் எல்லாத்தையும் நிப்பாட்டுவினம். எனக்கு அந்த நகையெல்லாம் போட்டுக்கொண்டு நிக்க ஏலாது."

"வாறன்," என்றேன். "முதல் தண்ணி நான்தான்."

"நல்ல மாமா," என்று முறைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று நான் கேட்கவில்லை. மேல்மாடிக் கிழவர் நாயோடு இறங்கி வந்தார். எங்கள் இருவருக்கும் வணக்கம் சொன்னார். நாய் என் சப்பாத்தை மணந்தது. நான் இன்னும் படியில்தான் நின்றேன். அத்தான் கேட்காத கேள்விகளை எல்லாம் அவள் கேட்பாள், இன்றைக்கே கேட்பாள். நான் சொல்லக்கூடியதைச் சொல்வேன். அது எனக்குப் பெரிய பாரமாகத் தெரியவில்லை.

"உள்ள வா," என்றாள். "சனம் பாக்குது."

சப்பாத்தைக் கழற்றி அவர்களுடைய சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனேன். எனக்குப் பின்னால் அக்கா கதவைச் சாத்தி, திறப்பை இரண்டு தரம் திருப்பிப் பூட்டினாள்.